உப்புக்காற்றைத் தாங்கிய தூண்கள்

தாம்பரம் - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் 2025 ஏப்ரல் 6 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. புதிய பாம்பன் பாலம் திறந்ததும் அன்றுதான். புதுப் பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பழைய பாலத்தின் தூண்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை!

பழைய பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2 கி.மீ. கடலுக்குள் கான்கிரீட் தூண்கள், மேலே இரும்பு கர்டர்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் பகுதி. ரயில்வே வேலைகளில் கான்கிரீட் இன்னும் புதுசாக இருந்த காலம் அது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தன. தூண்கள் பெரும்பாலும் நின்றன. விழுந்த கர்டர்களைத் தேடித் தூக்கி, அதே தூண்கள் மேல் வைத்து, 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்தது ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் குழு. (பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் இவர்தான்.) 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்ததும் இரும்புதான். ஷெர்சர் பகுதி அவ்வளவு துருப்பிடித்திருந்தது.

அப்படியென்றால் கான்கிரீட்டுக்கு அழிவே கிடையாதா? உண்டு. எதிரி உள்ளேயே இருக்கிறது. சிமெண்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைக் காக்கும். உப்போ கரியமில வாயுவோ மெல்ல இறங்கினால் அந்தக் காவல் போய்விடும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். கான்கிரீட் வெடித்துப் பெயரும். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பழைய வீடுகளின் சன்ஷேடில் கம்பி எட்டிப் பார்ப்பது இப்படித்தான்.

ஸ்காட்லாந்தில் 1901-ல் ரயில் ஓடத் தொடங்கிய கிளென்ஃபின்னன் பாலத்தில் (ஹாரி பாட்டர் படத்தில் வருமே, அதேதான்) கம்பியே இல்லை. 21 வளைவுகளும் வெறும் கான்கிரீட். இன்றும் ரயில் போகிறது.

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 2-ஆம் அட்டவணைப்படி ஒரு பாலத்தின் பயன்பாட்டுக் காலம் 30 ஆண்டு. இந்திய ரயில்வே கம்பெனி இல்லைதான். சும்மா அதன்படி தேய்மானம் போட்டுப் பார்த்தால், பாம்பன் தூண்களின் புத்தக மதிப்பு 1944-லேயே ஏறக்குறைய பூஜ்யம். அதற்குப் பிறகும் 78 வருடம் ரயிலைச் சுமந்திருக்கின்றன!

புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். நம்மூரில் வீடு கட்டுபவர்கள் அவ்வளவு செலவு செய்ய வேண்டாம். டைல்ஸ் தேர்வுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குக் காட்டினாலே, பேரன் காலத்தில் சன்ஷேடு தலையில் விழாது.