ஒஷாவாவில் ஒரு பலகைப் பந்தயப் பாதை

ஒஷாவா என்றாலே கார்தான். குதிரைவண்டி செய்த மக்லோக்ளின் குடும்பம் 1907இல் இங்கு கார்க் கம்பனி தொடங்கியது. 1918இல் அது ஜெனரல் மோட்டர்ஸ் கனடாவாகியது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கார்ப்பைத்தியம் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

பனிக்காலம் முழுவதும் அவர்கள் தொலைக்காட்சியே கதியென்று கிடக்க, நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டின் பேஸ்மென்றில் 'ஸ்லொட் கார்' பாதை அமைத்தோம். பலகையில் ஒடுங்கிய பள்ளம் வெட்டி, இருபுறமும் செப்புப் பட்டி ஒட்டி, 12 வோல்ற் மின்சாரம் கொடுக்கவேண்டும். காரின் அடியிலுள்ள முனை பள்ளத்தில் ஓடும். சுக்கான் இல்லை, கைவிசையால் வேகத்தை மட்டுமே மாற்றலாம். வளைவில் வேகம் மிஞ்சினால் கார் பறந்துவிடும்.

வடிவத்தை மொஸ்போர்ட்டில் எடுத்தோம். போமன்வில்லுக்கு வடக்கேயுள்ள இப்பந்தயத் திடல், பிரிட்டிஷ் எம்பயர் மோட்டர் கிளப்பினர் முன்னின்று அமைத்து 1961இல் திறந்தது. (2012 முதல் பெயர் கனேடியன் ரயர் மோட்டர்ஸ்போர்ட் பார்க்.) ஒரே கொண்டைவளைவாகத் திட்டமிட்ட ஐந்தாம் வளைவை, ஓட்டவீரர் ஸ்ரேளிங் மொஸ்ஸின் யோசனைப்படி இரண்டாக்கினார்கள். 3.957 கிலோமீற்றர் பாதையை 32இல் ஒன்றாகச் சுருக்கினாலும் 120 மீற்றருக்கு மேல்! எந்த பேஸ்மென்ற் தாங்கும்? ஆகவே மொஸ் வளைவை மட்டும் அப்படியே வைத்து, மீதியைக் குறுக்கினோம்.

பறக்கும் கார்களை எடுத்துவைக்க வளைவுக்கு ஒருவர் நிற்கவேண்டும். அந்த வேலை, இரவு வேலை முடித்து வந்த அப்பாமாருக்கு. பிள்ளைகள் அவர்களைத் தமிழிலேயே விரட்டுகிறார்கள்.