சோவின் துக்ளக்கும் இப்னு பதூதாவின் துக்ளக்கும்

காலையில் பிறந்த உத்தரவு மாலையில் மாறினால், எங்கள் மணப்பாறையில் மாட்டுச் சந்தைக்கு வருவோரும் 'இதென்ன துக்ளக் தர்பார்!' என்கின்றனர். தில்லிச் சுல்தான் ஒருவரின் பெயர் தமிழில் ஏச்சுச் சொல்லாக வேரூன்றியதற்கு, வழக்கறிஞரும் நடிகருமான சோ இராமசாமிக்குப் பெரும் பங்குண்டு. 1968-இல் மேடையேறிய அவரது 'முகம்மது பின் துக்ளக்' 1971-இல் திரைப்படமாயிற்று. இடையே, 1970-இல், 'துக்ளக்' இதழும் பிறந்தது. பின்னர் தொலைக்காட்சி அப்படத்தை நம் வீட்டுக் கூடத்திற்கே கொணர்ந்தது. நானும் அங்குதான் கண்டேன், வாய்விட்டுச் சிரித்தேன்.

கல்லறையிலிருந்து உயிரோடு எழும் துக்ளக், தேர்தலில் வென்று பிரதமராகிறார். கட்சி மாறி வந்தோர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி! மொழிச் சண்டைக்குத் தீர்வு பாரசீகம்! அம்பு அன்றைய அரசியல்வாதிகள் மீதே பாய்ந்தது. அத்துணிவை நான் மதிக்கிறேன். (அப்படத்தில் எம்.எஸ். விசுவநாதன் பாடிய இறைப்புகழ்ப் பாடல் நம்மவர் இல்லங்களிலும் ஒலித்தது.) முடிவில் துக்ளக்கும் உடன் எழுந்த இப்னு பதூதாவும் வேடதாரிகள் என்பது வெளிப்படுகிறது. ஆக, மெய்யான சுல்தான் அக்கதையில் தோன்றவேயில்லை. கண்டவர் பலர் இதை மறந்தனர். ஏச்சு மட்டும் நிலைத்தது.

மதரஸாவில் இப்னு பதூதாவின் 'ரிஹ்லா'வைத் திறந்தால், பெயரைக் கேட்டதுமே மாணவர் நகைக்கின்றனர். நான்கு பக்கம் ஓதியதும் நகைப்பு அடங்கிவிடுகிறது. 1334-இல் தில்லி சேர்ந்த அம்மொராக்கோ அறிஞரைச் சுல்தான் காஜியாக அமர்த்தினார். பொன்னை வாரி வழங்கினார். கொடையிலும் குருதி சிந்துவதிலும் ஒருங்கே வேட்கை கொண்டவர் என்றே அவரை இவர் எழுதுகிறார். ஷைகு ஒருவரைச் சுல்தான் கொல்வித்தார். அவரைச் சென்று கண்ட குற்றத்திற்காக இப்னு பதூதாவைச் சுற்றியும் காவல் நின்றது. தம் முறை எப்போது வருமோ என்று நோன்பிருந்து, குர்ஆன் ஓதியபடி அவர் நாள்களைக் கழித்தார். இங்கே சிரிக்க என்ன இருக்கிறது?

செப்பு நாணயத்திற்கு வெள்ளியின் மதிப்பளித்த திட்டமும் வெறும் பித்தன்று. உலோகத்தின் விலையன்று, அரசின் வாக்கே நாணயத்தின் மதிப்பு என்பதுதானே இன்று நம் கைக் காகிதத்தின் நியதி? கள்ள நாணயத்தைத் தடுக்கும் வழி அன்று அவரிடம் இல்லை. திட்டம் கவிழ்ந்தபோது, செப்பைப் பெற்றுக்கொண்டு கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கொடுத்தார்.

இப்னு பதூதா சீனத்திற்குத் தூதராகப் புறப்பட்டவர், கடலில் அலைக்கழிந்து, நமக்குத் தெற்கேயுள்ள மதுரைக்கும் வந்தார். துக்ளக்கின் ஆளுகையிலிருந்து பிரிந்திருந்த அங்கும் கொடுமையையே கண்டார். அதையும் மறைக்காமல் எழுதினார். சுல்தான் 1351-இல் சிந்து நாட்டில், கலகக்காரனைத் துரத்திச் சென்ற பாசறையில், நோயுற்று இறந்தார்.