மலையடிப் பாதைக்கொரு வண்டி

சிங்காநல்லூரில் யாம் வசித்துவர, எம் அன்னையாரோ ஆனைகட்டி மலையடிவாரத்துத் தோட்டத்தை விட்டு வர இசைந்திலர். மழைக்காலத்தில் அத்தோட்டத்து மண்பாதை சேறாகிச் சாதாரணக் காரை நிறுத்திவிடும். நள்ளிரவிலும் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துவர வேண்டி நேருமே என்னும் கவலையால், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய வண்டியொன்று வாங்கத் துணிந்தோம்.

எம் பொருளுக்கு எட்டியவை இரண்டு: 1985-ல் வெளிவந்த மாருதி ஜிப்ஸியும், 2010-ல் வந்த மஹிந்திரா தாரும். முன்னது பெட்ரோலில் ஓடும் இலகுவான வண்டி. பின்னது டீசலில் ஓடும் கனத்த வண்டி.

இரண்டிலும் முன்சக்கரங்களுக்கு விசையூட்டத் தனிக்கோல் ஒன்றுண்டு. உலர்ந்த தார்ச்சாலையில் அதனைப் போடலாகாது. திரும்புகையில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களினும் மிகுதூரம் உருளவேண்டியிருத்தலின், உறுப்புகள் இறுகித் தேயும். ஆகவே, திருச்சி ரோட்டில் ஓட்டிக் காட்டப்பெறும் வண்டி தன் பாதிக் குணத்தையே காட்டுகின்றது. யாம் இளகிய மண்ணில் அக்கோலைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். அடிச்சட்டத்துத் துருவையும், கியர்ப் பெட்டியின் எண்ணெய் நீர் கலந்து வெளுத்திருக்கின்றதா என்பதையும் நோக்கினோம். 15 ஆண்டு கடந்த வண்டியாயின் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் கணக்கிட்டோம்.

இவையெல்லாம் தேறிய பின்னும் ஒரு சோதனை எஞ்சிற்று. இவ்வண்டிகளின் தளம் உயரமானது. அன்னையாருக்கோ முழங்கால் நோவு. படிப்பலகை பொருத்திய ஜிப்ஸியொன்றில் மட்டுமே அவர் பிறர் கைத்தாங்கலின்றி ஏறினர். அதனையே கொண்டோம். மலையேறும் வண்டியேயாயினும், ஏறவேண்டியவர் ஏற இயலாதாயின் அதனால் யாது பயன்?