நிராகரித்த சீட்டுகள் சொல்வது

வாக்கெண்ணும் மண்டபத்தில் எல்லோருடைய கண்ணும் கட்சிவாரியாக ஏறும் கட்டுகளில்தான் இருக்கும். என் கண் போவது மேசை ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் சந்தேகச் சீட்டுகளுக்கு. ஒவ்வொன்றையும் தூக்கி, கட்சி முகவர்கள் பார்க்கும்படி பிடித்து, எடுப்பதா விடுவதா என்று சொல்ல வேண்டும். ஒருவர் வரிசையில் நின்று போட்ட வாக்கு அந்த இடத்தில்தான் பிழைக்கும் அல்லது போகும்.

கிளிநொச்சி நிர்வாகத்தில் தனி மாவட்டம். பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்தோடு சேரும். எங்கள் பெட்டிகள் ஆனையிறவு தாண்டி யாழ் மத்திய கல்லூரிக்குப் போகும். 2024 நவம்பர் 14 தேர்தலில் அந்தத் தேர்தல் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்டவை 32,000க்கு மேல். நூற்றுக்கு 9. மூன்றாவதாக வந்து ஓர் ஆசனம் வென்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் எடுத்தது 27,986. செல்லாத சீட்டுகள் ஒரு கட்சியாக இருந்திருந்தால் அதைவிட முன்னுக்கு நின்றிருக்கும்.

எல்லாம் தவறால் பழுதானவை அல்ல. கோபத்தை எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. வெறுஞ்சீட்டை மடித்துப் போட்டவர்களும் உண்டு. அது அவர்களுடைய தீர்மானம், அதை மதிக்கிறேன். மனதை அறுப்பது மற்றவை. மூன்று கட்சிகளுக்கு நேரே 1, 2, 3 என்று அழகாக எழுதிய சீட்டு. கட்சியை விட்டுவிட்டு, கீழே விருப்பு இலக்கங்களில் மட்டும் மூன்று புள்ளடி போட்ட சீட்டு. கை நடுங்கினாலும் கோடு தாண்டாமல் கவனமாகப் போட்ட புள்ளடிகள் அவை. சட்டப்படி செல்லாது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அந்த 1, 2, 3 எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தேவையில்லை. 54 நாள் முன்னர், செப்டெம்பர் 21இல், சனாதிபதித் தேர்தலில் அப்படித்தான் எழுதலாம் என்று நாங்களே சொல்லிக்கொடுத்தோம். இரண்டாம் விருப்பை எண்ணும் நிலை வரலாற்றில் முதல் தடவையாக வந்ததும் அந்தத் தேர்தலில்தான். நவம்பரில் கட்சிக்கு ஒரு புள்ளடி, இலக்கங்களுக்கு மூன்று வரை புள்ளடி. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரேயொரு புள்ளடி, விருப்பு வாக்கே இல்லை. எட்டு மாதத்துக்குள் மூன்று சீட்டு, மூன்று முறை. அதிலும் நவம்பர்ச் சீட்டில் 6 ஆசனத்துக்கு 44 அணிகள், அணிக்கு 9 பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு மூதாட்டி அந்த நீளத்தில் தன் சின்னத்தைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை.

வாக்களிப்பு நிலையத்தில் தலைமை தாங்கும் நாளில், "தம்பி, எங்க போடுறது?" என்ற கேள்வி காலை 7 மணியிலிருந்தே வரும். பதில் சொல்வதில் ஒரு பக்குவம் வேண்டும். வாக்காளரின் சீட்டில் விரல் வைக்கக் கூடாது. விரல் எந்த வரியில் பட்டாலும் அது சிபாரிசு. "மேல கட்சி, அதுக்கு ஒண்டு. கீழ இலக்கம், மூண்டு வரைக்கும். மேல போடாட்டி கீழ போட்டது சரிவராது அம்மா." ஒவ்வொருவருக்கும் இதே சொற்கள், இதே குரல். முகவர்கள் காது கொடுத்திருப்பார்கள். அவர்கள் கேட்பது நல்லதுதான்.

இந்த மண்ணில் வாக்குப் போடுவது எளிதாகக் கிடைத்த காரியமல்ல. 2005 சனாதிபதித் தேர்தலில், புலிகளின் பகிஷ்கரிப்பு நிலைப்பாட்டுக்கிடையே, யாழ் தேர்தல் மாவட்டத்தில் பதிவானது 1.2 வீதம், நாடு முழுக்க வெற்றி வித்தியாசம் 1,80,786. ஊர் வாக்கின் கனம் என்னவென்று அன்று தெரிந்தது. இன்று தடுக்க ஆளில்லை. வந்து நிற்பவரின் வாக்கைச் சீட்டின் சிக்கல் தின்னவிடலாமா?

தேர்தல் சீர்திருத்தம் என்றால் கலப்பு முறையா, விகிதாசாரமா என்று கொழும்பில் வருடக்கணக்காகப் பேசுகிறார்கள். அது பேசப்பட வேண்டியதே. ஆனால் என் கோரிக்கை சிறியது, உடனே செய்யக்கூடியது. நிராகரித்த வாக்குகளுக்கு மக்கள் காணும் பெறுபேற்றில் இருப்பது ஒரே ஓர் எண். அதைக் காரணவாரியாக, தொகுதிவாரியாகப் பிரித்து வெளியிடுங்கள்: வெறுஞ்சீட்டு எத்தனை, இரண்டு கட்சிக்குப் போட்டது எத்தனை, கட்சியே இல்லாதது எத்தனை. எதிர்ப்பு எது, குழப்பம் எது என்று பிரித்தறிய அது வழிதரும். குழப்பம் கூடிய இடத்துக்கே வாக்காளர் கல்வி முதலில் போகட்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த மாகாணத் தேர்தல் எந்த முறையில் வந்தாலும் மாதிரிச் சீட்டு ஒரு மாதம் முன்னரே கிராம சேவகர் அலுவலகத்திலும் சங்கக் கடையிலும் தொங்க வேண்டும், பென்சிலோடு, போட்டுப் பார்ப்பதற்கு.