கானாப் மலைச்சாரலில்

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில், செம்மணற்பாறைகள் சூழ்ந்த கானாப் என்னும் சிற்றூர் உளது. அதனருகே, 1984ஆம் ஆண்டு தோன்றிய 'பெஸ்ட் ஃபிரண்ட்ஸ்' விலங்குப் புகலிடத்தைக் கண்டோம்.

2007ஆம் ஆண்டு, வர்ஜீனியாவில், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் இடத்தில் சண்டைக்கென வளர்க்கப்பட்ட நாய்களை அரசினர் மீட்டனர். "இவை திருந்தா, கொன்றுவிடுதலே நலம்" எனக் கருதியோர் பலர். நீதிமன்றமோ ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயச் செய்தது. அவற்றுள் 22 நாய்கள் 2008 ஜனவரியில் இங்கு வந்தன.

ஜார்ஜியா என்ற பெண் நாய்க்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. சிலவற்றின் குருதியில் பபீசியா எனும் நோய்க்கிருமி இருந்தது. ஆளைக் கண்டதும் தரையோடு ஒடுங்கியவையும் உண்டு. பணியாளர்கள் மருந்தூட்டினர்; இரவிலும் உடனிருந்தனர்; அவை தாமே நெருங்கிவரும்வரை பொறுத்தனர். நன்னடத்தைத் தேர்வில் தேறியவை வளர்ப்பு இல்லங்களுக்குச் சென்றன. சில இங்கேயே முதுமையெய்தின.

இன்று அவை யாவும் மறைந்துவிட்டன. 'ஏஞ்சல்ஸ் ரெஸ்ட்' எனும் விலங்குகளின் கல்லறைத் தோட்டத்தில் காற்றுமணிகள் ஒலிக்கின்றன. அஞ்சிய உயிரொன்று நம் இல்லம் புகுமாயின், மருந்தோடு நாம் தரவேண்டுவது பொறுமையே என்பதை அங்கு உணர்ந்தோம்.