ஒரு நாள் உணவும் ஒரு புகைப்படமும்

தெல்லிப்பழையைப் பற்றி எழுத அமரும்போதெல்லாம் நான் வெட்கப்படுகின்ற ஒரு புகைப்படம் நினைவுக்கு வந்து விடுகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மல்லாகத்தை அண்டிய நலன்புரி நிலையம் ஒன்றில் நிவாரணம் வழங்கினார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அவை. மயிலிட்டியில் கடலுக்குப் போனவர்கள், தெல்லிப்பழைச் செம்மண்ணில் தோட்டஞ் செய்தவர்கள், காங்கேசன்துறைச் சீமேந்துத் தொழிற்சாலையில் சம்பளம் எடுத்தவர்கள் எல்லோரும் அரிசிப் பைக்காக ஒரே வரிசையில் நின்றார்கள். இரு கைகளையும் நீட்டி அரிசி வாங்கிய ஒரு தாயைப் படம் பிடித்தேன். மறுநாள் அது பத்திரிகையில் வந்தது. நல்ல படம் என்று பலர் பாராட்டினர்.

சில நாட்களின் பின் அந்தத் தாயைச் சந்தித்தேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நீர் எங்களுக்கு நல்லது செய்யத்தான் போட்டனீர். ஆனா என்ரை பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கிறாள்" என்றார்.

நானும் அதே இடப்பெயர்வில் வீட்டை விட்டு வந்தவன். இருந்தும் எனக்கு அது உறைத்திருக்கவில்லை. பசி தீர்ந்தாலும் பெற்றவனின் முகம் தாழாமல் இருக்கவேண்டும் என்பதை எந்த ஆசிரியபீடமும் எனக்குக் கற்பிக்கவில்லை. அந்த அம்மாதான் கற்பித்தார்.

எங்கள் ஊரில் இதை நன்கு அறிந்த ஒருவர் இருந்தார். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள். ஆசிரியராகப் பணிபுரிந்தவர், 1977 இல் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் ஒரு பெண் ஆலய நிருவாகத்தின் தலைமையில் அமர்வது யாழ்ப்பாணத்தில் எளிதில் நடக்கக்கூடியதன்று. கோயில் வருமானம் கோபுரத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே உரியதன்று என்பதைச் செயலில் காட்டினார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லம் 1982 இல் உருவானது. அவருடைய சமயச் சொற்பொழிவுகள் கடல் கடந்தும் ஒலித்தன. தமக்கென எதுவும் கேட்காதவர் பிள்ளைகளுக்காகக் கேட்கத் தயங்கவில்லை. 2008 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் மறைந்தார். இல்லம் அவரோடு மறையவில்லை.

வரிசை, பெயர்ப்பட்டியல், அரிசிப் பை என்பவற்றுடன் முடிந்துபோகும் உதவி ஒன்று. உணவு, உடை, படுக்கை, பாடசாலை, சமய வாழ்வு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தந்து, பிள்ளை தலைநிமிர்ந்து வெளியேறும்வரை காத்திருக்கும் உதவி இன்னொன்று. முன்னையதைச் செய்ய ஒரு நாள் போதும். பின்னையதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அதைப் படத்தில் காட்டவும் முடியாது.

இது எங்களுக்குப் புதிய வழியுமன்று. 1877 இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பசியாற்றினார். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கத்தை எங்கள் பாட்டிமார் அறிவர். எல்லா வீட்டுப் பிடியும் ஒரே கடகத்தில் சேர்ந்தபின் எது யாருடைய அரிசி என்று எவர் சொல்வது?

இன்று அந்தக் கடகத்தின் இடத்தை வங்கிக் கணக்கு பிடித்துவிட்டது. இலண்டனிலும் டொரொன்ரோவிலும் உள்ள நம்மவர்கள் தாயின் திவசத்துக்கோ மகனின் பிறந்தநாளுக்கோ ஊரிலுள்ள இல்லங்களுக்கு ஒரு நாள் உணவுச் செலவை அனுப்புகிறார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் எரிவாயுவும் எட்டாத விலைக்குப் போனபோது அந்தப் பணம் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தது. அதைக் குறைத்து மதிப்பிடும் தகுதி எனக்கில்லை.

தருமத்தால் ஆகாதவையும் உண்டு. போர் 2009 இல் முடிந்தபின்னும் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. கடலும் காணியும் கையில் இருந்திருந்தால் அந்த வரிசையில் பலர் நின்றிருக்கவே மாட்டார்கள். அரிசிப் பையைக் கண்டு அந்த உரிமையை நாம் மறந்துவிடலாகாது.

அண்மையில் வெளிநாட்டிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். தந்தையாரின் நினைவாக ஒரு நாள் உணவு வழங்க விரும்பினார். "பிள்ளைகள் சாப்பிடேக்கை இரண்டு படம் எடுத்து அனுப்பிவிடு, நீ பத்திரிகைக்காரன்தானே" என்றார். அந்தத் தாயின் கதையை அவருக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, பற்றுச்சீட்டை மட்டும் அனுப்பு" என்றார்.

அனுப்பிவைத்தேன்.