கடலுள் நிற்கும் பள்ளிவாசல்

இந்தோனேஷியாவின் ஜகார்த்தா மாநகருக்குச் செல்ல நேர்ந்தால், வடகரையிலுள்ள முஆரா பாருவையும் ஒருமுறை கண்டு வாருங்கள். கடல் தடுப்புச் சுவருக்கு அப்பால் ஒரு பள்ளிவாசல் கைவிடப்பட்டு நீரில் நிற்கிறது. மக்கள் அணிவகுத்துத் தொழுத தளத்தைக் கடல் கொண்டுவிட்டது.

கடல் உயர்ந்தது சிறிதே. நிலம் தாழ்ந்ததே பெரிது. குழாய்நீர் எல்லோரையும் எட்டாத மாநகரம், ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீரை உறிஞ்சியது. நீர் நீங்கிய களிமண் அடுக்குகள் இறுகி அமிழ்ந்தன.

இத்தாழ்வை விண்ணிலிருந்தே அளந்தார்கள் என்றால் வியப்பீர்கள். 2006இல் ஏவப்பட்ட ஜப்பானின் 'ஆலோஸ்' செயற்கைக்கோள், சுமார் 700 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் அலைகளை அனுப்பியது. 46 நாள்களுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வந்து மீண்டும் அனுப்பியது. நிலமும் கட்டடமும் தாழ்ந்திருந்தால், எதிரொலித்து வரும் அலை சற்றுக் கூடுதல் தொலைவு கடக்க வேண்டும். அவ்வேறுபாட்டைக் கொண்டே தாழ்வைக் கணித்தார்கள். இரவும் முகிலும் இதற்குத் தடையல்ல. 2007 முதல் 2009 வரையிலான பதிவுகளில், ஜகார்த்தாவின் சில இடங்கள் ஆண்டுக்கு 20 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்தது தெரியவந்தது.

இதே துயருற்ற டோக்கியோ, நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தி, தாழ்வைப் பெரிதும் நிறுத்தியது. ஆனால், தாழ்ந்த நிலம் மீண்டும் பழைய உயரத்துக்கு எழவில்லை. செயற்கைக்கோள் எச்சரிக்க மட்டுமே வல்லது. நீரை அளவோடு எடுப்பது நம் கையிலன்றோ இருக்கிறது!